நூல் பொம்மையோடு நடப்பது எப்படி? ‘அன்ராவெல்’ விளையாட்டு பற்றி எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மதுரை செல்லூரில் இருக்கிறது. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் வீடு நிறைந்துவிடும். திருப்பூரிலிருந்து அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் மேலூரிலிருந்தும் உறவினர்கள் அழகரைப் பார்க்க வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போவார்கள். வெயில் தாழும்வரை வெளியே தலைகாட்ட முடியாது. அந்த மதிய நேரங்களில் எங்கள் டிவியில் ‘அன்ராவெல்’ என்ற வீடியோ கேம் ஓடும்; அதில் ஒரு சிவப்பு நூல் பொம்மை நடந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இந்த விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால் பதில்களைப் பொறுமையாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

இது என்ன விளையாட்டு?

பெயர் ‘அன்ராவெல்’. பிரிந்துபோவது, சிக்கு அவிழ்வது என்று இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஸ்வீடன் நாட்டின் வடக்கே உமேயோ என்ற நகரத்தில் இருக்கும் கோல்ட்வுட் இன்டராக்டிவ் என்ற சிறிய குழு இதை உருவாக்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2016 பிப்ரவரியில் வெளியிட்டது.

வயதான ஒரு பெண்மணி வீட்டில் இருக்கிறார். சுவரெல்லாம் புகைப்படங்கள். அவர் மாடிப்படி ஏறும்போது கூடையிலிருந்து ஒரு நூல் கண்டு நழுவி உருண்டு விழுகிறது. அந்தக் கண்டிலிருந்து எழுந்து நிற்கும் பொம்மைதான் யார்னி. அது புகைப்படச் சட்டங்களுக்கு உள்ளே போகிறது; ஒவ்வொரு படமும் ஓர் ஊர், ஒரு பருவம், விளையாட்டின் ஒரு நிலை (லெவல்). அங்கே சிதறிக் கிடக்கும் நினைவுகளைச் சேர்த்துக்கொண்டுவந்து, வெறுமையாகிப்போன ஆல்பத்தை நிரப்ப வேண்டும். கதை அவ்வளவுதான்.

பக்கவாட்டில் நகரும் புதிர் விளையாட்டு என்று இந்த வகையைச் சொல்லலாம். தோல்பாவைக்கூத்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: பாவைகள் திரையில் இடமும் வலமுமாகத்தான் போகும், நம்மை நோக்கி நடந்து வராது. இங்கேயும் அப்படித்தான். யார்னி முன்னே போகலாம், பின்னே வரலாம், மேலே ஏறலாம், கீழே இறங்கலாம். அதற்கு ஏற்பத் திரை நகர்ந்துகொண்டே இருக்கும். வழியில் ஏதாவது ஒன்று மறிக்கும். அதை எப்படிக் கடப்பது என்பதுதான் புதிர்.

அந்தக் காலத்து மரியோ போலவா?

உடன்பிறப்பு என்று சொல்லலாம். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985இல் வந்தது. தாவி ஏறி, தாவிக் கடந்து, திரையின் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும் விளையாட்டுகளுக்கு அதுவே பெரிய முன்னோடி. ஆனால் மரியோவில் கைதான் முதலில் வேலை செய்யும். சரியான நொடியில் தாவாவிட்டால் போயிற்று. அன்ராவெல்லில் பெரும்பாலான இடங்களில் அவசரமே இல்லை. பொம்மையை நடத்தும் கைக்கருவியான கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, காப்பியைக் குடித்துக்கொண்டே திரையை உற்றுப் பார்க்கலாம். யார்னியும் சும்மா நின்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருக்கும்.

நடக்க நடக்க பொம்மை மெலிந்துகொண்டே போகிறதே, ஏன்?

இதுதான் நல்ல கேள்வி. விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது.

யார்னியின் உடம்பு முழுவதும் நூல். அதன் ஒரு முனை பின்னால் எங்கோ கட்டப்பட்டிருக்கிறது. அது எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் உடம்பிலிருந்து கொஞ்சம் நூல் பிரிந்து வழியெல்லாம் கிடக்கிறது. நூல் குறையக் குறைய உடம்பு மெலிகிறது. கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிதான் மிச்சம் என்ற நிலை வந்து, அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாமல் நூல் விறைத்து நின்றுவிடும். ஆங்காங்கே சிவப்பு நூல் கண்டு வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் உடம்பு மறுபடி நிறையும், அங்கிருந்து புதுக் கணக்குத் தொடங்கும். ஒரு கண்டிலிருந்து அடுத்த கண்டுக்குப் போய்ச் சேர இருக்கிற நூல் போதும். போதும் என்றால் வீணாக்காமல் போனால் போதும் என்று பொருள்.

என் அப்பா தறி நெய்தவர். செல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இழையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் பாவு, அதாவது தறிக்கான நீள இழைகள், ஓடும் காலையில் ஓர் இழை அறுந்தாலும் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த வேலை. இந்த விளையாட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வந்தது. நூல் என்பது வெறும் அலங்காரமாக இல்லாமல், எங்கே போனோம், எதைச் சுற்றினோம், எதன் மேலாகத் தாண்டினோம் என்ற கணக்காகவே ஒரு விளையாட்டில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இதில் நுட்பம் என்னவென்றால், நூல் தீர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்தில் இருக்காது. பத்து அடிக்கு முன்னால் ஒரு கிளையின் அடியில் போயிருக்க வேண்டியவர்கள் மேலே ஏறிப் போயிருப்போம். அல்லது தேவையில்லாத ஓர் ஆணியைச் சுற்றி வந்திருப்போம். அந்த வீண் சுற்றுக்குப் போன நூல்தான் இங்கே குறைகிறது. திரும்பிப் போய், போட்ட முடிச்சை அவிழ்த்து, சுற்றியதைச் சுற்றாமல் மறுபடி வந்தால் அதே நூல் எட்டிவிடும்.

முடிச்சுப் போடுவது, ஊசலாடுவது எல்லாம் எப்படி?

யார்னி நூலைச் சுருக்குக் கயிறுபோல வீசும். சிவப்பு நூல் சுற்றிய கொக்கி, கிளை, ஆணி எதுவானாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு ஊசலாடலாம், இழுத்து ஏறலாம், தொங்கிக்கொண்டே கீழே இறங்கலாம். குறிப்பிட்ட இடங்களில் முடிச்சும் போடலாம். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டால் நடுவே நூல் பாலமாகிவிடும். அந்தப் பாலத்தின் நடுவில் நின்று அழுத்தி எழும்பினால் உயரமாகத் துள்ளலாம். அதே பாலத்தின் மேல் ஒரு பொருளை உருட்டிக்கொண்டும் போகலாம்.

ஆரம்ப நிலையிலேயே ஆப்பிள்கள் வருகின்றன. யார்னி மிகச் சிறியது. ஆனால் அந்த ஆப்பிளை இழுத்துவந்து நிறுத்தினால் அது ஏணிப்படி. தண்ணீரில் தள்ளினால் அதுவே படகு. யார்னிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும். இதைக் கண்டுபிடித்த நாளில் என் அக்கா மகன் வீட்டில் இருந்த தேங்காயைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் தீப்பெட்டியை வைத்துப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த பாடம் எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? உடனே இணையத்தில் விடை பார்க்கலாமா?

பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் விடையைப் பார்த்துக் கடந்த இடம் எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. நாமாகக் கண்டுபிடித்த இடங்கள் அப்படியே மனத்தில் நிற்கின்றன. அதனால் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மாட்டிக்கொண்டால் முதலில் கன்ட்ரோலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் இவற்றைப் பார்க்கச் சொல்வேன். முதலாவது, பின்னால் திரும்பிப் பார்ப்பது. திரையில் நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். வளைந்து, இரண்டு முறை சுற்றி, மேலே ஏறி இறங்கியிருந்தால் அங்கேதான் கோளாறு. இரண்டாவது, திரையில் அசையக்கூடிய பொருள் எதுவும் இருக்கிறதா என்று தேடுவது. இந்த விளையாட்டில் கல், பழம், பலகை போன்றவை வெறும் அழகுக்காகக் கிடப்பது குறைவு. மூன்றாவது, சிவப்பு நூல் சுற்றிய கொக்கி மேலே எங்காவது கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது. பிள்ளைகள் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

இவை எதுவும் உதவாத ஒரு மதியத்தில் அக்கா மகள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். ஒரு பலகையைத் தாண்ட ஒரு முழம் நூல் குறைந்தது. என் அம்மா தூணில் சாய்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். டிவியை நிமிர்ந்து பார்த்தவர், “அங்கே போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு வா ஆத்தா, அது இனிமேல் எதற்கு?” என்றார். பாலத்துக்காகப் போட்ட முடிச்சு அது. பாலத்தைக் கடந்த பிறகு அதற்கு வேலை இல்லை. நூலை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் போய் அவிழ்த்தாள். நூல் எட்டியது. அம்மா அதற்குள் அடுத்த கண்ணியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பூக்கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்குத்தான். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து நூலை வளைத்து இறுக்கும்போது, கையில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். எங்கள் அடுத்த தெருவில் சௌராஷ்டிரக் குடும்பத்து அக்கா ஒருவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார். துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு கட்டையெல்லாம் பிரித்துவிடுவார்கள். சாயம் ஏறாத இடம் புள்ளியாக மலரும். கட்டுவதைவிடப் பிரிக்கும்போதுதான் சேலை தெரிகிறது என்று அவர் சொல்வார். அவரிடம் இந்த விளையாட்டைக் காட்டியபோது, இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடலாமா?

வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் படியுங்கள். முதல் பாகம் ஒருவர் மட்டுமே விளையாடக்கூடியது. இது தெரியாமல் முதல் பாகத்தை வாங்கிவைத்து, இரண்டு பிள்ளைகளையும் முன்னால் உட்காரவைத்த அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை சாதாரணமானதல்ல. “மாமா, அவனுக்கு மட்டும் இரண்டு நிலை, எனக்கு ஒன்றுதானா?” என்ற வழக்கு ராத்திரிச் சாப்பாடு வரை ஓடியது.

இருவருக்கானது ‘அன்ராவெல் டூ’. அது 2018 ஜூனில் வந்தது. அதில் இரண்டு யார்னிகள். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய ஒரு யார்னி நூல் அறுந்துபோய்க் கிடக்கிறது. அங்கே இன்னொரு யார்னியைச் சந்திக்கிறது. இரண்டின் நூல் முனைகளும் ஒன்றாகப் பிணைகின்றன. அதன் பிறகு அந்த நூல் பிரிவதே இல்லை. முதல் பாகத்தைப்போல இதில் நடக்க நடக்க நூல் தீராது. அதற்குப் பதிலாக, ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே ஓடும் நூலின் நீளம்தான் எல்லை. ஒருவர் முன்னே ஓடினால் மற்றவர் வரும்வரை நின்றுதான் ஆக வேண்டும்.

ஒருவர் மேலே ஏறி நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதைப் பற்றி ஏறலாம். ஒருவர் பள்ளத்தின் விளிம்பில் அழுத்தமாக நின்றுகொள்ள, மற்றவர் அவரையே ஆணியாக வைத்து ஊசலாடலாம். மிகக் கடினமான இடம் வந்தால், சிறிய பிள்ளையின் யார்னி பெரியவரின் யார்னியோடு ஒன்றாகிவிடலாம். ஒருவர் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்ததும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நடக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டாமல் விளையாடி முடிக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். ஆற்றில் அழகர் இறங்கும் அன்று கூட்டத்தில் தம்பியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று பெரியவளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லித்தான் அனுப்புவோம். இந்த விளையாட்டில் அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அவளாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஒருவராகவே விளையாட வேண்டும் என்றாலும் முடியும். அப்போது இரண்டு யார்னிகளையும் மாறி மாறி நடத்தலாம். ஆனால் இருவரும் ஒரே அறையில் ஒரே திரை முன்னால் இருக்க வேண்டும். நீங்கள் மதுரையிலும் அக்கா பிள்ளைகள் திருப்பூரிலும் இருந்துகொண்டு இணையம் வழியாகச் சேர்ந்து விளையாட இதில் வழி இல்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை. திருவிழா வரைக்கும் காத்திருக்கிறோம்.

ஆங்கிலம் தெரிய வேண்டுமா?

ஏறக்குறைய வேண்டாம். யார்னி பேசாது. மற்றவர்களும் பேசுவதில்லை. ஆல்பத்தின் பக்கங்களிலும் தொடக்கத் திரைகளிலும் கொஞ்சம் எழுத்து இருக்கிறது. அதை ஒருவர் வாசித்துச் சொன்னால் போதும். தமிழ் இல்லை.

எதில் விளையாடுவது? செல்போனில் கிடைக்குமா?

செல்போனில் இல்லை. முதல் பாகம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற விளையாட்டுக் கருவிகளுக்கும் விண்டோஸ் கணினிக்குமாக வந்தது. இரண்டாம் பாகம் இவற்றோடு 2019இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. லேப்டாப் இருந்தால் கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீபோர்டில் ஊசலாடுவது விரலுக்குச் சிரமம்.

கரண்ட் போய்விட்டால் எல்லாம் அழிந்துவிடுமா?

ஒவ்வொரு நிலையும் முடியும்போது தானாகவே பதிவாகிவிடும். நடுவில் தவறி விழுந்தால் கடைசியாகத் தொட்ட நூல் கண்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்துவிடலாம். ‘உயிர் மூன்று’ என்ற கணக்கெல்லாம் கிடையாது. எத்தனை முறை விழுந்தாலும் விளையாட்டு திட்டாது. எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு டிவியை விட்டுவிட்டு லேப்டாப் பேட்டரியில் ஒரு நிலை மட்டும் விளையாடுவோம்.

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களா?

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் எல்லாமே பூந்தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கடற்கரையில் நண்டுகள் விரட்டும். காகம் தூக்கிக்கொண்டு போகும். பின்னால் வரும் ஒரு நிலையில் நச்சுக் கழிவு நிறைந்த தொழிற்சாலைப் பகுதியைக் கடக்க வேண்டும். கடைசிக்கு அருகே இருட்டும் பனியும் சேர்ந்து மனத்தை அழுத்தும். இரண்டாம் பாகத்தில் யார்னிகளுக்குப் பின்னால், மங்கலாக, இரண்டு பிள்ளைகள் மோசமான பெரியவர்களிடமிருந்து தப்பி ஓடும் கதை ஓடிக்கொண்டே இருக்கும். சொற்கள் இல்லாததால் அது பிள்ளைகளின் மனத்தில் எந்த வடிவம் எடுக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது. அதனால் பக்கத்தில் உட்காருங்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட வேண்டாம் என்பது என் கருத்து.

தாவுவது கடினமாக இருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டாம் பாகத்தில் காலத்தை மெதுவாக்கிக்கொள்ளவும் குறிப்புக் கேட்கவும் வசதி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்த வெட்கப்பட வேண்டியதில்லை.

பனியும் பைன் மரமும் நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

நானும் இதை யோசித்தேன். இந்த விளையாட்டின் காடு, சதுப்பு, கடற்கரை, மலை எல்லாம் ஸ்காண்டிநேவிய வட்டாரத்தின் நிலம். இலை ஒவ்வொன்றும், பாசி ஒவ்வொன்றும் அருகில் போய்ப் பார்த்ததுபோலத் தெரிகிறது. யார்னி அவ்வளவு சிறியது என்பதால் நாமும் தரையோடு தரையாக இருந்து பார்க்கிறோம். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பனிமலையில் பந்து உருட்டும்போது பிள்ளைகள் போர்வையைக் கேட்டார்கள் என்றால் நம்புவீர்களா? கேட்டார்கள்.

கம்பளி நூல் நமக்கு அதிகப் பழக்கம் இல்லாதது. மதுரையில் கம்பளிக்கு என்ன வேலை? பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் சிறிய உருண்டையோடு சரி. ஆனால் நூல் பழக்கம். ஓரிடத்தில் யார்னி பட்டத்தைப் பற்றிக்கொண்டு பறக்கிறது. வைகை மணலில் பட்டம் விட்டு வளர்ந்தவன் நான். அந்தக் காட்சி வந்தபோது பிள்ளைகளைவிட நான்தான் முதலில் எழுந்து நின்றேன்.

பின்னணியில் ஒலிக்கும் இசையும் அந்த மண்ணின் நாட்டுப்புற வயலின் சாயல் கொண்டது. டிவியின் ஒலியைக் குறைத்து விளையாடாதீர்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதல் பாகத்தை நிதானமாக விளையாடினால் 6 முதல் 8 மணி நேரம். நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு நிலை என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் பாகத்தின் கதை இன்னும் சிறியது. ஆனால் கதைக்கு வெளியே 20 சவால் நிலைகள் இருக்கின்றன. அவை உண்மையிலேயே கடினம். பெரிய பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

அந்தப் பொத்தான்களை எல்லாம் எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். முதல் பாகத்தில் நிலைக்கு ஐந்து பொத்தான்கள் ஒளிந்திருக்கும், சட்டையில் தைக்கும் பொத்தான்தான். எடுக்காமலும் கதை முடியும். முதல் சுற்றில் அவற்றைத் தேடாதீர்கள் என்பேன். தேட ஆரம்பித்தால் கண் மூலைமுடுக்குகளுக்கே போகும், எதிரில் இருக்கும் அந்தி வெளிச்சம் தெரியாமல் போய்விடும். இரண்டாவது முறை விளையாடும்போது தேடுங்கள்.

யார்னி உண்மையான பொம்மையா?

ஆம், முதலில் கையால் செய்த பொம்மைதான். விளையாட்டின் படைப்பு இயக்குநர் மார்ட்டின் சாலின் குடும்பத்தோடு முகாமுக்குப் போயிருந்தபோது கையில் கிடைத்த கம்பியையும் நூலையும் வைத்து அதைச் செய்தார். 2015 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் அந்தச் சிவப்பு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினார். அவர் கை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய பெரிய வெடிச்சத்தங்களோடு விளையாட்டுகள் அறிமுகமான மேடை அது. அங்கே ஒருவர் நடுங்கிக்கொண்டே தன் நூல் பொம்மையைக் காட்டியதை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த நடுக்கத்துக்காகவே விளையாட்டை வாங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நாமும் செய்யலாம். வளையக்கூடிய மெல்லிய கம்பியை இரண்டு கை, இரண்டு கால், தலை என்று முறுக்கிக்கொள்ளுங்கள். தலையில் இரண்டு நுனியை மட்டும் காதுபோல நிமிர்த்திவிடுங்கள். அதன்மேல் சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கம்பி நுனிகளை உள்பக்கம் மடித்துவிட மறக்கக்கூடாது, கையைக் கிழித்துவிடும். வெள்ளை நூலில் இரண்டு கண். திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்? அக்கா மகள் அங்கிருந்து கொண்டுவந்த மிச்ச நூலில் செய்த பொம்மை ஒன்று எங்கள் டிவிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கம்பளி இல்லாததால் கொஞ்சம் ஒல்லி.

ஏன் சிவப்பு?

ஸ்வீடனில் ஒரு பேச்சில், ஒரு கதையில், ஒரு வாழ்க்கையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் தொடர்ச்சியைச் ‘சிவப்பு நூல்’ என்று சொல்வார்கள். அந்த வழக்கு அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. நாமும் படிக்கும் புத்தகத்துக்கு ‘நூல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். உமேயோவுக்கும் மதுரைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தும் இரண்டு மொழிக்காரர்களும் சொல்லைத் தொடுக்க நூலைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

இது முடிந்ததும் அடுத்து எதை விளையாடுவது?

பெரியவர்கள் என்றால், டென்மார்க்கிலிருந்து 2010இல் வந்த ‘லிம்போ’. முழுக்கக் கறுப்பு வெள்ளை, மிகவும் பயங்கரமானது, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் புதிர் அவிழ்க்கும் ‘பிரெய்டு’ 2008இல் வந்தது. அதற்கு நல்ல பொறுமை வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட, பின்லாந்துக்காரர்கள் 2009இல் கொண்டுவந்த ‘டிரைன்’. மந்திரவாதி, திருடி, வீரன் மூவரும் சேர்ந்து வழி தேடுவார்கள். மூன்றும் நல்லவை. ஆனால் அன்ராவெல்லில் இருக்கும் வீட்டு வாசனை இவற்றில் இல்லை.

அந்தப் பாட்டி தனியாகவா இருக்கிறாள்?

இது என் அம்மா கேட்டது. பிள்ளைகள் புதிரைப் பார்த்தார்கள், நான் நூலைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்த்திருக்கிறார். எத்தனை பிள்ளைகள், யார் யாருக்குத் திருமணமாகியிருக்கும், எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே பார்க்க வேண்டும். அக்காவும் பிள்ளைகளும் ஊருக்குப் போன மறுநாள் மதியம், வீடு அமைதியாக இருந்தபோது, “அந்தப் பாட்டி வீட்டைப் போடு” என்றார் அம்மா. நிலை எதையும் தொடங்கச் சொல்லவில்லை. யார்னியை அந்த வீட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு புகைப்படத்தின் முன்னாலும் நிறுத்தி நிறுத்தி நடத்தினேன். பூக்கட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.